இரண்டு தள முயல் கூண்டு: ஏறுவதைவிட இறங்கப் பழக்குவதே வேலை

வளர்ப்பு முயல்களுக்கு மாடி வைத்த கூண்டு செய்யப் போவதாகச் சொன்னால், கேட்பவர்கள் முதலில் எழுப்பும் ஐயம் அவை மேலே ஏறுமா என்பதுதான். நல்ல உடல்நிலையில் உள்ள முயல் அரை மீட்டர் உயரத்தை எளிதாகத் தாவி ஏறிவிடும். அதற்கு நாம் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஏறிய முயல் பதறாமல், குதிக்காமல், தன் கால்களால் நடந்து கீழே வருவதற்குத்தான் பழக்கம் வேண்டும். திருச்சியில் எங்கள் வீட்டு மாடி வராந்தாவில் இரண்டு முயல்களுக்காகச் செய்த கூண்டைப் பற்றிய இந்தப் பதிவில், அளவுகளும் பழக்கிய முறையும் அந்த ஒரு நோக்கத்தை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

முயலின் உடல் இறங்குவதற்கு ஏற்றதாக இல்லை. பின்கால்கள் நீளமாகவும் முன்கால்கள் குட்டையாகவும் இருப்பதால் மேட்டில் ஏறும்போது உடல் சமநிலையில் நிற்கிறது; சரிவில் இறங்கும்போதோ பின்புறம் தூக்கிக்கொள்ள, எடை முழுவதும் முன்கால்களில் வந்து விழுகிறது. கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் தன்னைச் சுற்றி ஏறத்தாழ எல்லாத் திசைகளையும் பார்க்கும் அந்தப் பிராணிக்கு, மூக்குக்கு நேர் எதிரே, அதாவது அடுத்த அடியை வைக்க வேண்டிய இடம், சரியாகத் தெரிவதில்லை. எலும்புகளும் மெல்லியவை. பூனையின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் 12 அல்லது 13 விழுக்காடு இருக்கையில், முயலுக்கு 7 அல்லது 8 விழுக்காடுதான். அவ்வளவு மெல்லிய எலும்பின் மேல் வலுவான பின்கால் தசைகள் அமைந்திருப்பதால், பயந்து உதைக்கும் ஒரே உதையில் முயல் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளக்கூடும். கூண்டின் மேல் தளத்தில் முயல் மிரள்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீடுகளில் வளரும் முயல்கள் எல்லாம் ஐபீரியத் தீபகற்பத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஐரோப்பிய முயலின் வழி வந்தவை. அவை மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்பவை. நம் ஊர்க் காடுகளில் புல் மறைவில் படுத்திருக்கும் காட்டு முயல் வேறு இனம், அது வளை தோண்டுவதில்லை. ஆகவே வளர்ப்பு முயலுக்கு ஆபத்து என்று பட்டவுடன் அதன் உடல் தேடுவது கீழே உள்ள இருட்டான பொந்தைத்தான். மேல் தளத்தில் இருக்கும்போது குக்கர் விசில் அடித்தாலும், வராந்தாச் சுவரில் காகம் வந்து அமர்ந்தாலும் அது உடனே கீழே பாயத்தான் பார்க்கும். அப்படிப் பாய்வதற்கு நல்ல வழி இருக்கிறதா என்பதே கூண்டின் முதல் சோதனை.

மேல் தளம் வைத்துவிட்டால் இடம் இரட்டிப்பாகிவிடும் என்று எண்ணுவது சரியன்று. பிரிட்டனின் முயல் நல அமைப்பு இரண்டு முயல்களுக்குப் பரிந்துரைக்கும் அளவு 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். இந்தப் பரப்பு ஒரே தரையாகத் தொடர்ந்து இருக்க வேண்டும், மேல் தளத்தைக் கூட்டிக் கணக்குக் காட்டக் கூடாது. நான்கைந்து தாவல் தொடர்ந்து ஓடினால்தான் முயலுக்கு அது ஓட்டம். எங்கள் கூண்டு 8 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் கொண்டது. அது தனியாகப் போதாது என்பதால், காலையிலும் மாலையிலும் அதன் கதவு வராந்தாவுக்குத் திறந்துவிடப்படுகிறது. ஆகவே மேல் தளத்தைக் கூடுதல் வசதியாக மட்டுமே கருதினேன்.

சட்டத்துக்கு மரத்தைத் தேர்ந்தெடுக்காமல், கடைகளில் சாமான் அடுக்கும் ரேக்குக்குப் பயன்படும் துளையிட்ட இரும்பு ஆங்கிள்களை வாங்கினேன். முயல் கொறிக்காது, கரையான் அரிக்காது என்ற நன்மைகள் இருந்தாலும் முதன்மையான காரணம் வேறு: தூண் நெடுகிலும் துளைகள் இருப்பதால், நான்கு மூலைப் போல்ட்களைக் கழற்றி மேல் தளத்தை வேண்டிய உயரத்தில் மாட்டிக்கொள்ளலாம். பழக்கும் முறை முழுவதும் இந்த வசதியை நம்பியே இருக்கிறது. 3 அடி நீளச் சட்டம் ஒன்றும் 5 அடி நீளச் சட்டம் ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிணைக்கப்பட்டன. 3 அடிப் பகுதியில் மட்டும் பரண், அதாவது மேல் தளம்; 5 அடிப் பகுதி கூரை வரை திறந்த வெளி. பரண் கூண்டின் முழு நீளத்துக்கும் இருந்தால், முயல் ஏறி இறங்கும் சாய்வுப் பலகைக்காக அதில் பெரிய துளை வெட்ட வேண்டிவரும். துளை சிறிதானால் ஏறி வரும் முயலின் முதுகு இடிக்கும், பெரிதானால் பரணில் உட்கார இடம் மிஞ்சாது. பாதியில் பரண், பாதியில் வெளி என்று வைத்தால் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை.

சுற்றுச் சுவருக்கு அரை அங்குல வெல்டு மெஷ் அடித்தேன். தரைக்கு அதைப் பயன்படுத்தவில்லை. முயலின் உள்ளங்காலில் நாய்க்கும் பூனைக்கும் உள்ளது போன்ற மெத்தை கிடையாது, அடர்ந்த முடி மட்டுமே உண்டு. கம்பி வலையில் நாள் முழுக்க நிற்கும் முயலுக்கு அந்த முடி தேய்ந்து, குதிகால் சிவந்து, புண்ணாகிவிடும். கால் வலிக்கும் முயல் இறங்கத் தயங்குவதும் இயல்பு. பரணுக்கு 12 மி.மீ. பிளைவுட், பசை கலந்த அதன் விளிம்புகளைக் கொறிக்காமல் இருக்க நாற்புறமும் அலுமினிய எல் பட்டி வைத்துத் திருகினேன். சாய்வுப் பலகை பக்கமும், இரண்டாவது வழியாக வைத்த படிகளின் பக்கமும் திறந்திருக்க, அவற்றுக்கு இடைப்பட்ட விளிம்பில் ஒரு சாண் உயரத்துக்குத் தடுப்புப் பலகை உண்டு.

சாய்வுப் பலகைக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பலகையின் நீளம் பரணின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் சாய்வு சரியாக 30 பாகை. ஏறுவதற்கு அது போதும்; இறங்குவதற்கு அதைவிடக் குறைவான சாய்வு வேண்டும் என்பதே என் கருத்து. பரணின் இறுதி உயரத்தை 45 செ.மீ. என்று முடிவு செய்து, பலகையை மூன்றரை அடி, அதாவது 107 செ.மீ. நீளத்தில் அறுத்தேன், சாய்வு ஏறக்குறைய 25 பாகையாக அமைந்தது. அதே பலகையை வைத்துப் பரணை 15 செ.மீ. உயரத்தில் மாட்டினால் சாய்வு 8 பாகை, 30 செ.மீ. உயரத்தில் மாட்டினால் 16 பாகை. பலகையின் கீழ் முனைக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே 55 செ.மீ. அளவுக்கு வெறும் தரை விடப்பட்டிருக்கிறது. வேகமாக இறங்கி வரும் முயல் நின்று திரும்ப இடமில்லாமல் சுவரில் மோதுமானால், அடுத்த முறை அது அந்தப் பலகையில் கால் வைக்காது.

பலகையின் அகலம் 30 செ.மீ.; கூண்டின் பின்சுவரை ஒட்டி வைத்தேன். ஒருபுறம் சுவர் இருப்பதால் விழும் பயம் பாதியாகக் குறைகிறது. மறுபுறத்துக்கு நான்கு விரல் உயரத்தில் ரீப்பர் கட்டை. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள குறுக்குச் சட்டங்களை 8 செ.மீ. இடைவெளியில் அடித்து, உப்புத்தாளால் முனைகளைத் தேய்த்து மழுக்கிய பிறகு, மேலே பழைய பவானி ஜமக்காளத் துண்டை இழுத்துப் போர்த்திப் பலகையின் அடிப்பக்கத்தில் ஸ்டேபிள் அடித்தேன். குளியல் துண்டையும் கம்பளத்தையும் தவிர்த்ததற்குக் காரணம், அவற்றின் இழை வளையங்களில் நகம் மாட்டிக்கொள்ளும். மாட்டிய நகத்தை முயல் பொறுமையாக விடுவிக்காது, பிய்த்துக்கொண்டு ஓடும். ஜமக்காளம் இறுக்கமான நெசவு, வளையம் இல்லாதது, துவைத்துப் போடலாம். நூல் பிரிந்து தொங்கினால் மட்டும் உடனே கத்தரித்துவிட வேண்டும். நீண்ட நூலை முயல் விழுங்கினால் அது குடலில் போய்ச் சிக்கும். பலகையும் பரணும் சந்திக்கும் இடத்தில் கால் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. அங்கே பலகையின் மேல் முனை பரணின் விளிம்பைக் கவ்வி நிற்கும்படி ஒரு தகட்டுக் கொக்கி வைத்தேன். உயரம் மாறும்போது சாய்வும் மாறுவதால், கீல் வைத்து நிரந்தரமாகப் பிணைப்பதைவிட இது வசதி.

பரணுக்கு ஒரே வழி வைத்தால், இரண்டு முயல் உள்ள கூண்டில் அந்த வழி தகராறுக்குரிய இடமாகிவிடுகிறது. எங்களிடம் உள்ளவை கறுப்பி என்ற பெண்ணும் பஞ்சு என்ற ஆணும். இரண்டுக்கும் கருத்தடை அறுவை முடிந்து, ஒன்றோடொன்று படுத்து உறங்கும் அளவுக்கு இணக்கம் உண்டு. ஆனாலும் கீரைக்கட்டு வந்துவிட்டால் கறுப்பி பலகையின் அடியில் குறுக்கே உட்கார்ந்துகொள்வாள். மேலே உள்ளவன் இறங்க முடியாமல் விளிம்பில் நின்று எட்டிப் பார்ப்பான். அத்தகைய நேரத்தில்தான் முயல் பக்கவாட்டில் குதிக்கும். ஆகவே கூண்டின் முன்பக்கத்தில், பலகைக்கு இணையாக, 15 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டியும் 30 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டியும் படி போல வைக்கப்பட்டன. ஒவ்வொன்றின் மேற்பரப்பும் ஒரு முயல் முழுதாக உட்காரும் அளவு. பெரிய பெட்டி உள்ளே வெற்றிடமாகவும் இரண்டு வாசல்களோடும் இருப்பதால் பொந்தாகவும் பயன்படுகிறது. மறைவிடம் எதுவானாலும் இரண்டு வாசல் வேண்டும். ஒற்றை வாசல் பெட்டியில் ஒன்று மற்றொன்றை அடைத்து வைத்துவிடும்.

பழக்குவதற்கு முன் நகங்களை வெட்டி, உள்ளங்கால்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டேன். நகம் வளர்ந்த முயலுக்குச் சரிவில் பிடி கிடைக்காது. பலகையையும் பெட்டிகளையும் கூண்டில் மாட்டுவதற்கு முன்பே வராந்தாத் தரையில் போட்டு வைத்தேன். முயலின் தாடையின் கீழ் மணச் சுரப்பிகள் உள்ளன. புதிய பொருளில் தாடையைத் தேய்த்து அது தன் வாடையைப் பூசிவிட்டால், அந்தப் பொருள் அதன் கணக்கில் தன்னுடையதாகிவிடும். கறுப்பி முதல் மாலையிலேயே எல்லா மூலைகளையும் தேய்த்து முடித்தாள். பஞ்சு தூரத்திலிருந்து பின்காலால் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். அவன் படுக்கும் துணியை எடுத்துப் பலகையின் மேல் தேய்த்துவிட்ட பிறகு கிட்டே வந்தான்.

முதல் கட்டத்தில் பரணை 15 செ.மீ. உயரத்தில் மாட்டினேன். அந்த உயரத்திலிருந்து தவறி விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, பயமும் ஏற்படாது. இங்கே பழக்க வேண்டியது ஒன்றுதான்: பரணிலிருந்து குதிக்காமல் பலகை வழியாக வருவது. முயலை மேலே வைத்து அழைத்தால் அது குதித்துவிடுகிறது, ஏனென்றால் குதிப்பது அதற்கு எளிது. அதனால் இறக்கத்தின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்கினேன். பலகையின் கீழ் முனையருகே, பக்கவாட்டு ரீப்பரைக் கழற்றிவிட்டு, முயலைப் பக்கத்திலிருந்தே பலகையில் ஏறவைத்து, தரையில் கொத்தமல்லித் தழையைக் காட்டினால், இரண்டே அடியில் அது இறங்கிவிடும். அடுத்து நடுப்பகுதியிலிருந்து, பின்னர் மேல் முனையிலிருந்து. ஒவ்வொரு முறையும் முயல் தனக்குத் தெரிந்த பாதையை நோக்கியே நடக்கிறது. அறியாத இடத்தை நோக்கி அல்ல. இது குதிரையையும் நாயையும் பழக்குபவர்களுக்கும் தெரிந்த முறைதான் என்றாலும், முயலிடம் இதன் பயன் மிகவும் வெளிப்படையாகத் தெரிகிறது.

தின்பண்டம் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டும். அன்றாட உணவு உலர்ந்த புல்லும் பசும்புல்லும் வேலிமசால் என்ற தீவனச் செடியும்தான். பழக்கும் நேரத்துக்கு என்று கொத்தமல்லித் தழையும், என்றாவது ஒருமுறை நகக்கண் அளவு வாழைப்பழமும் ஒதுக்கி வைத்தேன். பழத்தின் சர்க்கரை முயலின் பெருங்குடல்வாயில் உள்ள நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைத்துவிடும்; கேரட்டையும் அந்தப் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும், படப்புத்தகங்கள் என்ன சொன்னாலும் சரி. நேரம் அந்தி. முயல்கள் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருப்பவை. நண்பகலில் எழுப்பிப் பழக்கினால் எதுவும் நடக்காது.

இரண்டு தடைகளைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தோம். முயலைப் பின்னாலிருந்து தள்ளக் கூடாது. பின்னாலிருந்து வரும் கை அதற்கு வேட்டை விலங்கின் கை. தூக்கிப் பரணில் வைக்கவும் கூடாது. தரையிலிருந்து தூக்கப்படுவதே அதற்கு அச்சம். அந்த அச்சத்தோடு, நடந்து வராத ஓர் உயரத்தில் இறக்கிவிட்டால் திரும்பும் வழி அதற்குத் தெரியாது. வீட்டுக்கு வந்த குழந்தைகளிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது முயல்களைப் பழக்குவதைவிடக் கடினமாக இருந்தது.

பரணை உயர்த்தலாமா என்பதை நாட்களை எண்ணி முடிவு செய்யவில்லை. தழை எதுவும் காட்டாத வேளையில், தானாக மேலே போய், தானாகப் பலகை வழியாக இறங்கி வருவது இரண்டுக்கும் வழக்கமான பிறகே 30 செ.மீ. துளைக்கு மாற்றினேன். கறுப்பி எப்போதோ தயாராகிவிட்டாள். ஆனால் கூண்டு ஒன்று என்பதால் பஞ்சுவின் வேகத்துக்கே எல்லாம் நடந்தது. 30 செ.மீ. உயரத்தில் பஞ்சு நடுப்பலகையில் நின்றுவிடும் பழக்கத்தைக் காட்டினான்: முன்கால்களை ஊன்றி, காதுகளைப் பின்னுக்கு மடக்கி, அசையாமல். அப்படி நிற்கும் முயலை அழைக்கக் கூடாது, கையையும் நீட்டக் கூடாது. பின்னோக்கி ஏறிப் போக அதற்கு வழி விட்டு நாம் விலகிக்கொண்டால், தானே திரும்பி மேலே போகும், அல்லது மூச்சு சீரானதும் இறங்கும். பலகையின் கீழ் முனையில் சாய்வு மாறும் இடத்தில் ஒரு மெல்லிய துணி மடிப்பை வைத்து, தரையோடு அது மேடுபள்ளமின்றிச் சேரும்படி செய்த பிறகு அவன் நிற்பது குறைந்தது. அவன் மூக்குக்கு எதிரே அந்த விளிம்பு தெரியாமல், கால் தட்டுப்பட்டதுதான் தயக்கத்துக்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

45 செ.மீ.க்கு உயர்த்தியபோது பரணுக்கு அடியில் இருட்டான நல்ல இடம் உருவானது. அதுவரை எதிர்முனையில் தனியாக வைத்திருந்த மறைவுப் பெட்டியைப் பரணின் கீழே, பலகையின் பக்கவாட்டிலிருந்து நுழையும்படி மாற்றினேன். இறங்கும் பாதை முடிந்தவுடன் பொந்து கண்ணில் படுகிறது. மிரண்டு இறங்கினாலும் எங்கே போவது என்பது முயலுக்கு முன்பே தெரியும். இரவில் மட்டும் சில காலம் பலகையின் வாயையும் மேல் படியையும் தடுப்புப் பலகையால் அடைத்து, இரண்டையும் கீழேயே வைத்திருந்தேன். இருட்டில் பூனை வந்து வலையில் மோதினால் முயல்கள் தாறுமாறாக ஓடும் என்பதால் அந்த எச்சரிக்கை.

தண்ணீர், புல் கூடை, கழிவுத் தட்டு ஆகிய மூன்றும் இரண்டு தளங்களிலும் தனித்தனியாக உண்டு. தண்ணீரை மேலே மட்டும் வைத்தால் ஏறியே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. தயங்கும் முயல் தாகத்தோடு கீழேயே இருந்துவிடும். அரை நாள் உணவெடுக்காத முயலை உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியிருக்கும் என்பதை நினைத்தால், உணவை வைத்துப் பேரம் பேசுவது ஆபத்தானது. பரணில் தேங்கும் சிறுநீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி, காய்ந்தால் வெள்ளைப் படிவமாக ஒட்டிக்கொள்ளும்; வினிகரை ஊற்றிச் சற்று நேரம் விட்டால் கரைந்துவிடும்.

கோடையில் கணக்கு மாறுகிறது. வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டினாலே முயல் தவிக்கத் தொடங்கும். அதற்கு வியர்ப்பதில்லை, காதுகளின் இரத்தக் குழாய்கள் வழியாகத்தான் உடற்சூட்டைப் பெரும்பாலும் வெளியேற்றுகிறது. கத்திரி வெயிலில் திருச்சியின் மாடி வராந்தாவில் கூரைக்கு அருகில் உள்ள பரண் கீழ்த் தளத்தைவிடச் சூடாக இருக்கும். அந்த நாட்களில் முயல்கள் பகல் முழுவதும் கீழேயே, ஈரச் சாக்கு தொங்கவிட்ட பக்கத்தில், சுடுமண் ஓட்டின் மேல் நீட்டிப் படுத்திருக்கின்றன. பழக்கம் விட்டுப்போனதோ என்று அப்போது கவலைப்பட வேண்டியதில்லை. பொழுது சாய்ந்து காற்று வந்ததும் இரண்டும் மேலே போய்விடுகின்றன. மாறாக, குளிர்ந்த மாலையிலும் ஒரு முயல் திடீரென்று இறங்க மறுத்தால், அடம் பிடிக்கிறது என்று எண்ணாமல் குதிகாலையும் முதுகையும் பார்க்க வேண்டும்.

சட்டத்தில் மூன்றாவது தளத்துக்கும் இடம் இருக்கிறது, கேட்பவர்களும் இருக்கிறார்கள். 90 செ.மீ. உயரத்திலிருந்து விழும் முயலுக்கு என்ன ஆகும் என்பதையும், அந்த உயரத்தின் வெப்பத்தையும் பார்த்து அதைச் செய்யவில்லை. வீட்டு முயல்கள் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடியவை. வயதான முயலுக்கு மூட்டு தேய்ந்து 25 பாகைச் சாய்வும் கடினமாகும். அந்த நிலை வந்தால் போல்ட்களைக் கழற்றிப் பரணை மறுபடியும் 30 செ.மீ. துளைக்கு இறக்கி, மறைவுப் பெட்டியை எதிர்முனைக்கு நகர்த்திக்கொள்ளலாம். சாய்வுப் பலகையை மாற்ற வேண்டியதில்லை.